எடுத்தாச்சு, எறங்குங்க மாமா

ஷரபுதீன் பாய் கண்ணாடி மேசை மேல் மூன்று கேமராக்களை வரிசையாக வைத்து, மூன்றையும் மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு, பெண் பார்க்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

"பாத்துக்க பவித்ரன். மூனும் மிரர்லெஸ். மூனும் போட்டோவும் எடுக்கும், வீடியோவும் எடுக்கும். ஒனக்கு என்னா வேணும்னு நீதான் சொல்லணும்."

எனக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினேஸ்வரி வேண்டும். அதற்குத்தான் கேமரா.

ஈப்போவில் கல்யாண வீடுகளுக்குப் படம் பிடிப்பது என் தொழில். தினேஸ்வரி பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். எங்கள் விஷயம் அவளுடைய அம்மா கலாதேவி ஆண்டிக்குத் தெரியும். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து, தேத்தண்ணி கொடுத்து, பரீட்சை வைத்தார்.

"எம் மவன் கோகிலன் கல்யாணத்துக்கு நீதான் படம் எடுக்கிற. எங்க அண்ணன் மூஞ்சி சுருங்காம வீட்டுக்குப் போவணும். போயிட்டாருன்னா, அப்பறம் ஒங்கம்மாவ பேச வரச் சொல்லு."

"சுருங்கிட்டாருன்னா ஆண்டி?"

"தேத்தண்ணியக் குடி."

அண்ணன் என்றால் அப்பாவு மாமா. பழைய கிளேரா தோட்டத்துக்காரர். இப்போது அங்கே ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் பாதி போய் வீடுகள் வந்துவிட்டன. மாமா மட்டும் அப்படியே இருக்கிறார். கலாதேவி ஆண்டியின் மூத்த மகள் சாந்தினி கல்யாணத்தில் தாய்மாமனாக மேடையேறி, படத்துக்கு நின்றிருக்கிறார். யாரோ ஒரு படக்காரர் "எடுத்தாச்சு" என்று சொல்லி இறக்கிவிட்டிருக்கிறார். ஆல்பம் வந்தபோது பார்த்தால், மாமாவின் முழங்கை மட்டும் இருந்தது.

அன்றிலிருந்து தங்கச்சி வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை. தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு டின்னோடு திரும்பி வந்தது. கோகிலன் கல்யாணத்துக்கு ஆண்டி நேரில் போய் அழுது கூப்பிட்ட பிறகுதான் இறங்கி வந்தார். அப்போதும், "முழு ஒடம்பும் வரணும்" என்று சொல்லித்தான் அனுப்பினாராம்.

ஆண்டி இன்னொன்றும் சொல்லியிருந்தார். கோகிலன் பரிசத்துக்கு என் பழைய கேமராவில்தான் படம் எடுத்தேன். வீடியோவைப் போட்டுப் பார்த்தால் ஐயர் மந்திரம் சொல்லுகிற இடமெல்லாம் டக் டக் டக்கென்று கேட்டது. "தகரத்துல மழ பேய்ற மாதிரி இருக்கு. தாலி கட்டும்போது இந்தச் சத்தம் வரக்கூடாது" என்றார். அடுத்த வாரமே அந்தப் பழைய கேமராவின் ஷட்டர் உடைந்துபோனது. அமுக்கினால் சத்தம் வரும், ஃப்ளாஷ் பளிச்சென்று அடிக்கும், படம் மட்டும் கறுப்பாக விழும். ஆண்டியின் வாய் அப்படி.

"பாய், சத்தம் வரக்கூடாது. இருட்டுல நல்லா எடுக்கணும். வீடியோ மூனு மணி நேரம் ஓடணும். படத்த சுவத்தளவுக்குப் பெருசு பண்ணணும்" என்றேன்.

பாய் முதல் கேமராவை ஓரமாகத் தள்ளினார். "இது போட்டோவுக்கு ராஜா. வீடியோ ஓடுனா சூடாயி தானா நின்னுரும். கல்யாணம் எங்க?"

"தாப்பா பக்கம். டேவான் மண்டபத்துல."

"ஏர்கோன் ஓடுமா?"

"ஓடும் பாய். காத்துதான் வராது."

"அப்ப இது வேணாம்." இரண்டாவதைத் தொட்டார். "இது வீடியோவுக்கு ராணி. போட்டோ சுமாராத்தான் பெருசாகும். செவத்தளவுக்குப் போட்டா பொண்ணுக்கு மூக்கு இருக்கிறது தெரியும், மூக்குத்தி தெரியாது."

"ஆண்டி மொதல்ல மூக்குத்தியத்தான் தேடுவாங்க பாய்."

"அப்ப இதையே எடுத்துக்க." மூன்றாவதைக் கையில் தூக்கினார். "கண்ணத் தேடிப் புடிச்சு ஃபோக்கஸ் பண்ணும். ஆளு திரும்புனாலும் விடாது, கடன்காரன் மாதிரி. ரெண்டு கார்டு போடலாம். ஒன்னு போனாலும் ஒன்னு இருக்கும். உள்ள ஷட்டரே கெடையாது, எல்லாம் எலக்ட்ரானிக். நில்லு, ஒன்னைய எடுத்துக் காட்டுறேன்."

நான் முடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்றேன். பாய் கேமராவைக் கண்ணருகே வைத்தார். நின்றேன். கன்னம் வலித்தது.

"எப்ப எடுப்பீங்க பாய்?"

"எடுத்து முடிச்சிட்டேன்லா. பன்னெண்டு படம்."

அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அலாமாக்! சூப்பர் பாய்" என்று சொல்லி வாங்கிவிட்டேன். விலையைச் சொல்லமாட்டேன். என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும்.

பழையதை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வச்சு நான் என்னா பண்றது? கதவுக்கு முட்டுக் குடுக்கவா?" என்று என் பைக்குள்ளேயே போட்டார்.

கல்யாணத்தன்று தாலி கட்டுகிற வரைக்கும் நான்தான் ராஜா. கேமரா கண்ணைப் பிடித்தது, மூக்குத்தியைப் பிடித்தது, கோகிலன் போட்ட தாலி முடிச்சைக்கூடப் பிடித்தது. கெட்டிமேளத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கலாதேவி ஆண்டி தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் பாதி மருமகனாகிவிட்டதாக நினைத்தேன்.

பிறகு, சனங்கள் அன்பளிப்புக் கவரோடு மேடையேறி, பொண்ணு மாப்பிள்ளையோடு படத்துக்கு நிற்கிற நேரம் வந்தது. வீடியோவும் ஓட வேண்டும் என்பதால் ஃப்ளாஷ் இல்லாமல் இரண்டு எல்.இ.டி. விளக்கைப் போட்டிருந்தேன். முதலில் ஒரு குடும்பம் ஏறியது. எடுத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே நின்றார்கள். "எடுத்தாச்சுண்ணே" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சந்தேகத்தோடு இறங்கினார்கள். அடுத்தவர்களும் அப்படியே. கீழே இறங்கிய ஓர் அக்கா, "பேட்டரி இல்ல போல, பாவம்" என்று சொன்னது காதில் விழுந்தது. கேமராவில் பொய்ச் சத்தம் வரவைக்க ஒரு வசதி இருந்தது. அதை முழுதாக ஏற்றினேன். நாதஸ்வரத்துக்கு நடுவில் அது பல்லி கூப்பிடுகிற அளவுக்குக்கூடக் கேட்கவில்லை.

அப்போது அப்பாவு மாமா ஏறினார். பூப்போட்ட பாத்தேக் சட்டை, புதுச் செருப்பு, பக்கத்தில் கருப்பம்மாள் அத்தை. மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிக்கொண்டார். முழங்கைக்கு அவர் கொடுத்த பந்தோபஸ்து அது.

இருபது படமாவது எடுத்திருப்பேன். தலையிலிருந்து செருப்பு வரை எல்லாம் வந்தது.

"எடுத்தாச்சு மாமா. எறங்கலாம்."

மாமா அசையவில்லை. "எங்க எடுத்த? சத்தமே இல்ல."

"இது சத்தம் வராத கேமரா மாமா."

"அன்னைக்கும் ஒருத்தன் எடுத்தாச்சுன்னுதான் சொன்னான்."

"இங்க பாருங்க, ஸ்கிரீன்ல இருக்கீங்க."

"நான் நிக்கிறேன், அதனால தெரியிறேன். கண்ணாடிலகூடத்தான் தெரியிறேன். ஆல்பத்துல வந்தேனா?"

அத்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வாங்க, சனம் நிக்கிது."

"நிக்கட்டும். நான் வருசக்கணக்கா நின்னேன்."

வரிசை மேடையிலிருந்து இறங்கி, சோறு போடுகிற இடம் வரை போய்விட்டது. யாரோ கீழேயிருந்து, "ஹாய் தம்பி, ரசம் ஆறிப்போவுதுலா!" என்று கத்தினார். கலாதேவி ஆண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணன் முகத்தைத்தான் பார்த்தார். அது ஓரத்திலிருந்து சுருங்க ஆரம்பித்திருந்தது. எனக்கு மண்டபமே சுருங்கியது. மாமா இப்போது இறங்கிப் போனால் வாசலோடு போய்விடுவார். நானும் அதே வாசலில்தான் போக வேண்டும்.

"தள்ளு பவி" என்று காதருகே ஒரு குரல். தினேஸ்வரி. பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பைக்குள் கைவிட்டு, பழைய கேமராவை எடுத்தாள்.

"அது ரோசாக். உடஞ்சு போச்சு" என்று முணுமுணுத்தேன்.

"ஒன்னைய கேட்டனா? நீ ஒன்னோடதுல எடு." கேமராவைத் தூக்கி, கிளினிக்கில் பேசுகிற குரலில் சொன்னாள்: "மாமா, இங்க பாருங்க. இதான் பெரிய கேமரா. நல்லா பல்லு தெரியட்டும். இன்னும் கொஞ்சம். அசையாதீங்க."

டக். பளிச்.

மாமா சிரித்தார். அவருக்கு அத்தனை பல் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. "ஆங், இப்ப எடுத்த" என்று சொல்லிவிட்டு, கோகிலன் தோளைத் தட்டி, மெதுவாக இறங்கி நேராகச் சாப்பிடப் போனார்.

நான் மூச்சுவிட்டேன். அது தப்பு. ஏனென்றால் பளிச்சென்று அடித்ததை மண்டபம் முழுக்கப் பார்த்துவிட்டது.

"எங்களுக்கு மட்டும் ஏன் அப்படி அடிக்கல?" என்று முதலில் இறங்கிப் போன அக்கா கேட்டார். "தாய்மாமனுக்கு ஒரு கேமரா, எங்களுக்கு ஒரு கேமராவா?" கையில் வாழைப்பழத்தோடு அவர் குடும்பம் திரும்ப மேடையேறியது. பின்னாலேயே கிளேரா தோட்டத்து ஆட்கள் மொத்தமாக வந்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தவர்களையும் இறக்கிக் கூட்டி வந்தார்கள். தினேஸ்வரி உடைந்த கேமராவில் டக், பளிச் என்று அடித்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்று, யாருக்கும் தெரியாமல் எல்லாரையும் எடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க ஆண்டி வீட்டில் கூடினோம். அப்பாவு மாமா அத்தையோடு வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொஞ்சம் நின்றார். ஆண்டி அந்தச் செருப்பை எடுத்து, வெயில் படாத இடத்தில் வைத்தார். அவ்வளவுதான், உள்ளே வந்துவிட்டார்.

டிவியில் மேடைப் படங்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். நான் ஏற்கெனவே பார்த்திருந்ததால் எனக்கு வேர்த்தது. எல்லாரும் அழகாக, தெளிவாக, மூக்குத்தியோடு இருந்தார்கள். ஒருத்தர்கூட நேராகப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் வலது பக்கம் திரும்பி, அங்கே யாரையோ பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்டா எல்லாரும் அங்கயே பாக்குறாங்க?" என்றார் ஆண்டி. "அங்க என்னா, ஐஸ்கிரீமா வச்சிருந்தாங்க?"

"நான்தாம்மா நின்னேன்" என்றாள் தினேஸ்வரி.

"அப்ப இந்தப் பிள்ள எடுத்தது எங்க?" என்று மாமா கேட்டார். "அதுல எல்லாரும் நேரா இருப்பாங்கல்ல. அதப் போடு. பெரிய கேமரா."

நான் தினேஸ்வரியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். வேறு வழியில்லை.

"மாமா, அந்தக் கேமரா உடஞ்சது. சத்தம் வரும், படம் வராது. இதெல்லாம் என்னோடதுல வந்ததுதான்."

ஆண்டி அண்ணன் முகத்தைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன். என் கல்யாணம் அந்த முகத்தில்தான் இருந்தது.

"அப்ப நான் ரோசாக் கேமராவுக்கா சிரிச்சேன்?" என்றார் மாமா.

முதலில் சிரித்தது கருப்பம்மாள் அத்தை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. "கட்டிக்கிட்டதுலேருந்து ஒருநாள் சிரிச்சீங்க. அதுவும் போயிப் போயி..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மாமா முகம் சுருங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தது. நான் அவசரமாக, அவர் முதலில் நின்ற படங்களைப் போட்டேன். எடுக்கவில்லை என்று நினைத்துக் கோபமாக நேராக முறைத்துக்கொண்டிருந்தாரே, அந்த இருபது. நெஞ்சை நிமிர்த்தி, உதட்டை இறுக்கி, இரண்டு முழங்கையும் பத்திரமாக இருந்த படங்கள்.

மாமா எழுந்து டிவி அருகே போனார்.

"இது எப்ப எடுத்த?"

"எடுத்தாச்சு மாமான்னு சொன்னேன்ல, அப்ப."

"இதுதான் நானு" என்றார் மாமா. "இதப் பெருசா போடு. சுவத்தளவுக்கு. கலா, இத ஒங்க வீட்டு ஹால்ல மாட்டு. எங்க வீட்டுக்கும் ஒன்னு." பிறகு உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், "பேத்திக்குக் காது குத்து வருது. இவனே வரட்டும். அந்தப் பிள்ளையும் ரோசாக்கத் தூக்கிட்டு வரணும். ஒருத்தர் மட்டும் வந்தா படமும் வராது, ஒன்னும் வராது" என்றார்.

கலாதேவி ஆண்டி எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"ஒங்கம்மாவுக்கு ஞாயித்துக்கெழம வசதிப்படுமா?"

எங்கள் பரிசத்துக்கு நான் படம் எடுக்க முடியாதல்லவா? ஷரபுதீன் பாயைக் கூப்பிட்டு, என் புதுக் கேமராவை அவர் கையிலேயே கொடுத்தேன். தினேஸ்வரி பக்கத்தில் நின்று, முடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே நின்றேன். கன்னம் வலித்தது.

"எப்ப பாய் எடுப்பீங்க?"

"எடுத்தாச்சுலா" என்றார் பாய். "எறங்கு."

கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவு மாமா கையைத் தட்டினார். "எறங்காத மாப்ள, நம்பாத! அவன் எடுக்கல!"