சேகரன் பெயரில் அஞ்சலை நடந்த நடை

1

அன்று டாக்டர் பிரசாந்தின் அறையில் இருந்தவர்கள்: டாக்டர், என் தம்பி சேகரன், அவன் மனைவி அஞ்சலை, அவர்கள் மகள் அனுப்ரியா, வீட்டுக்கு மூத்தவனாகிய நான். வேறு யாரும் இல்லை. ஆனாலும் எங்கள் சொந்த ஊரான மார்டள்ளிச் சொந்தத்தில் பாதிப் பேர் பக்கத்தில் நின்று பார்த்ததுபோலப் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுப் பேச்சை எங்கள் வீட்டில் ஒருவர்தான் சொல்லவேண்டும். இந்தக் கதை பிறந்தது அதனால்தான்.

முதல் வாக்கியத்தை இப்படித் தொடங்கினேன்: 'எங்கள் குடும்பத்தில் மனம் உடைந்து படுத்தவர் எவரும்—'

நிறுத்திவிட்டேன். சேகரன் படுத்திருந்தான். மைசூரில், மேட்டகள்ளி வீட்டில், சுவரைப் பார்த்தபடி, பங்குனி முழுக்க. ஷிப்ட் முடிந்தும் தொழிற்சாலையை விட்டு வர மனமில்லாதவனுக்குப் பல் துலக்க எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் அதை மனச்சோர்வு என்றார். சொந்தத்துக்கு நாங்கள் முதுகுவலி என்று சொன்னோம். (பொய்தானே என்பீர்கள். அவன் மரியாதையைக் காத்தோம் என்பேன்.)

2

மாத்திரையோடு டாக்டர் சேகரனின் போனில் ஒரு ஆப்பும் போட்டுக் கொடுத்தார். முகம் கழுவுங்கள், வாசல்வரை நடங்கள், யாரோடாவது பேசுங்கள் என்று சின்னச் சின்னதாகக் கேட்கும். செய்தால் திரையில் இருக்கும் செடி ஒரு பூ பூக்கும். நடையை அதுவே எண்ணிக்கொள்ளும். எல்லாம் டாக்டருக்கும் போய்ச் சேரும். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்தைக் கூட்டுவார், குறைப்பார்.

[இங்கே ஆப்பைக் கிண்டல் செய்து ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். எங்கள் எல்லோரையும்விட அது அவனிடம் பொறுமையாகப் பேசியது.]

சேகரன் போனைத் தொடவில்லை. செடி பூக்கவில்லை.

இந்த இடத்தில் அஞ்சலையை அழவைத்து எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அழுதுகொண்டு உட்காருகிறவள் இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். துணி காயும் கொடிகளுக்கு நடுவே, வெறுங்காலோடு, அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தாள்.*

(* அவள் பிறந்த வீட்டு வழக்கம் அது. ஒருவருக்கு முடியாமல் போனால், அவர் பெயரில் இன்னொருவர் மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலோடு நடப்பார். நடப்பவர் யாரானாலும் பலன் படுத்திருப்பவருக்கு.)

செடி பூத்தது. "அருமை, சேகரன்!" என்றது போன். அவளுக்குப் புல்லரித்துப்போனது. மறுநாளிலிருந்து முகம் கழுவியதாக, பாட்டுக் கேட்டதாக, ஒவ்வொன்றையும் தட்டிவிட்டாள். எல்லாவற்றையும் அவளே செய்துவிட்டுத்தான் தட்டினாள். செய்யாத எதையும் அவள் தட்டவில்லை. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

3

"சேகரன் சார், சூப்பர்!" என்றார் டாக்டர் அன்று தன் அறையில். "தினமும் இவ்வளவு நடக்கறீங்க. மாத்திரையக் கொஞ்சம் கொறைச்சிடலாம்."

சேகரன் தரையைப் பார்த்தான். அனுப்ரியா அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, சொல்லிடும்மா."

"எதயடி?"

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நான் செருமினேன். வெளியாள் முன்னால் எங்கள் வீட்டுப் பெண் தலைகுனிவதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவள் குனியவில்லை. எழுந்து நின்றாள்.

"நடந்தது நானுங்க டாக்டரு. அவரு பேருலதான் நடந்தேன். மலைக்கு அப்படித்தானுங்களே நடப்போம்? சாமி ஏத்துக்கறத உங்க போனு ஏத்துக்காதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்காக அவரை மதிக்கிறேன். "ஏத்துக்கிச்சும்மா, அதான் தொந்தரவு. நடந்தது நீங்க, மருந்து கொறையறது அவருக்கு. இன்னும் மோசமாயிருப்பாரு."

அஞ்சலை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நானே அவர..."

அப்போதுதான் சேகரன் வாய் திறந்தான். "காலக் காட்டு புள்ள."

"ஏனுங்க, டாக்டரு இருக்கறப்பவா?"

"காட்டுங்கறேன்ல?"

பாதம் முழுக்கக் கொப்புளம். சில உடைந்து காய்ந்திருந்தன.

"மாடி இந்த வெயிலுக்குக் கொதிக்குமே. செருப்பப் போட்டுட்டு நடந்தா என்ன?"

"ஆப்புக்கு என்ன மொறைன்னு எனக்குத் தெரியாதுங்களே. கோவிச்சுக்கிட்டா?"

அனுப்ரியா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். சேகரன் சிரித்தானா என்று கேட்பீர்கள். இல்லை. ஆனால் அவள் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாத்திரை குறைக்கப்படவில்லை.

4

முடிவு ஒன்று: மறுநாளே சேகரன் குளித்து, சட்டை மாற்றி, வேலைக்குக் கிளம்பி—

இல்லை.

முடிவு இரண்டு: எதுவுமே மாறவில்லை. அதுவும் சரியில்லை. அன்று சாயங்காலம் அவன் எழுந்து தண்ணீர் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆற்றி, உப்புப் போட்டு, அவள் காலடியில் கொண்டுவந்து வைத்தான். பிறகு போய்ப் படுத்துக்கொண்டான். பெண்டாட்டி காலுக்குத் தண்ணீர் காய்ச்சியதைக் குறிக்க ஆப்பில் இடமில்லையாம். அனுப்ரியா முழுதும் தேடிவிட்டாள்.

அதன்பிறகு சில நாள் எழுகிறான், சில நாள் இல்லை. போன் இப்போது அவன் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் முழுதும் தேறிவிட்டதாக எழுதச் சொல்லி அஞ்சலையே கேட்டாள். "எழுதிருங்க மாமா, நல்லாருக்கும்." மாட்டேன் என்றேன். அவன் நடக்காத நடையை அவன் பெயரில் நான் காகிதத்தில் நடப்பது முறையல்ல. வாசகருக்கும் அந்த உரிமை இல்லை. எல்லோரும் காத்திருப்போம்.

போன வெள்ளிக்கிழமை விடிகாலை சேகரன் மேட்டகள்ளிக்குப் பக்கத்து ஹெப்பாள் ஏரிக்கரையில் நின்றதாகவும், தண்ணீரில் விழப்போனவனை யாரோ பிடித்து இழுத்ததாகவும் ஊர்ப்பக்கம் ஹனூர்வரை பேச்சு போயிருக்கிறது. ஏரிக்கரையில் இருந்தது உண்மை. யாரும் இழுக்கவில்லை. நடக்கப் போனான்.