ரெங்கம்மாள் என்ற குளிர்கடல் மீனுக்குக் கண்ணீர் அஞ்சலி

1

இந்தக் கதை ஒரு ஏசி ரிமோட்டில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரியவந்தால் இன்னும் அசிங்கம்.

எழுதுகிறவன் பெயர் கருத்தக்கண்ணன். மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் விலங்கியல் வாத்தியார், வீடு வில்லாபுரம். (‘நான்’ என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மாமியார் அடிக்கடி எட்டிப் பார்க்கிறார். ‘அவன்’ என்று போட்டால் வேறு யாரோ என்று நினைத்துக்கொள்வார் என்று ஒரு நப்பாசை.) பள்ளி மலருக்குக் கடல் சூடாவதைப் பற்றி ஒரு கதை கேட்டார்கள். சரி என்று உட்கார்ந்தான்.

‘நீலக்கடலின் மடியில்’ (வேண்டாம். அவன் கடைசியாகக் கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், திதி கொடுக்கப் போனபோது. அப்போதும் கண்ணை மூடியிருந்தான்.)

‘கரியமில வாயு கடல்நீரில் கரையும்போது’ (பிள்ளைகள் பரீட்சை என்று நினைத்து ஓடிவிடும்.)

‘வடகடலில் ரெங்கம்மாள் என்றொரு காட் (cod) மீன் இருந்தாள். அவளுக்குச் சூடு ஆகவே ஆகாது.’

இது நின்றுவிட்டது.

2

ரெங்கம்மாள் என்பது மாமியாரின் பெயர். போன கோடையில் பேரையூர்ப் பருத்திக்காட்டில் மயங்கி விழுந்தார். மகள் சத்யப்ரியா போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். வீட்டில் ஏசி இருப்பது ஒரே அறையில். அதில் மாமியார் ரிமோட்டைப் பதினெட்டில் வைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். கருத்தக்கண்ணன் ஹாலில், சூடான காற்றை எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் ஃபேனுக்கு அடியில் கிடக்கிறான். அந்தக் கடுப்பில் வைத்த பெயர்தான்.

இனி மீன் ரெங்கம்மாள். வயிறு நிறைய முட்டை. தண்ணீர் சூடாகச் சூடாக அவளுக்குப் பசி கூடியது, மூச்சுக்குப் பிராணவாயு குறைந்தது. குளிரைத் தேடி வடக்கே போனாள். போன இடத்திலும் தண்ணீரில் அமிலம்* ஏறியிருந்தது. பெரிய மீன் சமாளித்துக்கொள்ளும். முட்டைக்குள் இருக்கிற குஞ்சு

(இந்த வாக்கியத்தை முடிக்க அவனுக்கு மனம் வரவில்லை.)

* இதை வீட்டில் சொன்னபோது சத்யப்ரியா, “அப்ப மீன் கொழம்புக்குப் புளி கம்மியாப் போட்டாப் போதுமா?” என்றாள். அந்த அளவுக்குப் புளிக்காது. நம் நாக்குக்குத் தெரியாது, குஞ்சுக்குத் தெரியும்.

3

வேறு வழியில்லாமல் அடுத்த பக்கத்தில் ரெங்கம்மாளைச் சாகடித்தான். அறிவியல் அப்படி. அபிப்பிராயம் கேட்டு மச்சினன் அழகுபாண்டிக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். அவன் வில்லாபுரத்தில் ஃப்ளெக்ஸ், போஸ்டர் கடை வைத்திருக்கிறான். படித்துவிட்டு அழுதான். அழுதால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து, விடிவதற்குள் வில்லாபுரம் முழுக்க ஒட்டிவிட்டான்.

நடுவில் மாலை போட்ட மீன் படம். மேலே ‘ரெங்கம்மாள்’. ‘தோற்றம்: குளிர்ந்த கடல்’, ‘மறைவு: நேற்று’. அவசரத்தில், தன் அப்பா செத்தபோது அடித்த டிசைனையே எடுத்திருக்கிறான். அடியில் இருந்ததை மாற்ற மறந்துவிட்டான். ‘கண்ணீருடன்: மகன் அழகுபாண்டி, மகள் சத்யப்ரியா, மருமகன் கருத்தக்கண்ணன்’ என்று வீட்டு விலாசத்தோடு அப்படியே இருந்தது.

(படத்தைப் பார்த்தால் மீன் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். அழகுபாண்டி கடையில் எல்லோர் முகமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வரும்.)

4

யாரோ போஸ்டரைப் படமெடுத்து வாட்ஸப்பில் ஊருக்கு அனுப்பிவிட, காலையில் பேரையூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. சொந்தக்காரர் மலைச்சாமி ரோஜா மாலையோடு இறங்கிக் கதவைத் தட்டினார். திறந்தது ரெங்கம்மாள்.

“வாங்கண்ணே.”

மலைச்சாமி மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “தங்கச்சி, நீ செத்துட்டேன்னு போஸ்டர் ஒட்டியிருக்காம்ல.”

“எப்ப?”

“நேத்துன்னு போட்டிருக்கு.”

“காப்பி சாப்புடுறீகளா?”

அழகுபாண்டியைப் பிடித்து விசாரித்தார்கள். “மீனுக்குத்தாம்மா அடிச்சேன். படம் போட்டிருக்கேன்ல,” என்றான். கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது என்று யாரோ சொன்னதால் அதை ஏசிக்கு மாட்டினார்கள்.

5

வேன் போனதும் மாமியார் கதையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திட்டுவார் என்று கருத்தக்கண்ணன் தயாராக இருந்தான். அவர் திட்டவில்லை.

“சூட்டுலயா செத்தா?”

“ஆமா அத்த.”

“நானும் அப்பிடித்தான் விழுந்தேன் மாப்ள. அம்புட்டுத்தான்னு நெனச்சேன்.” கம்பளியை மடித்து வைத்தார். “அவள எந்திரிக்க வையிங்க. இல்லைன்னா நான் ஊருக்குப் போறேன். மருமகன் எழுத்துல செத்தவ மருமகன் வீட்டுல குந்தியிருக்கக் கூடாது.”

துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். வெளியே அக்னி நட்சத்திரம். பேரையூர் வீட்டுக்குத் தகரக் கூரை. கருத்தக்கண்ணனுக்கு உண்மையாகவே பயம் வந்தது. அவர் போனால் ஏசி அறை அவனுக்குத்தான். ஆனால் அதில் ஒரு நாள்கூடத் தூக்கம் வராது என்று தெரிந்தது.

6

முடிவு அ: ரெங்கம்மாள் இன்னும் வடக்கே போய்ப் பிழைக்கிறாள். (எவ்வளவு தூரம்? வடக்கும் ஓரிடத்தில் தீர்ந்துபோகும். வாத்தியாராக இருந்துகொண்டு இதை எப்படி மறைப்பது?)

முடிவு ஆ, அழகுபாண்டி சொன்னது: ஐஸ் பெட்டியில் ரயிலேற்றி மதுரைக்குக் கொண்டுவந்து ஜிகர்தண்டா கடையில் விடுவது. “பால் சத்தும் கெடைக்கும் மாமா.” (வேண்டாம்.)

முடிவு இ, சத்யப்ரியா சொன்னது: “கடலுக்கும் ஒரு ஏசியப் போடுங்க.” (அது உறிஞ்சும் சூட்டை எங்கே கொண்டுபோய் விடுவது? நம் ஏசி பின்னால் விடுகிற சூட்டில் பக்கத்து வீட்டு முருங்கை வாடிப்போய் நிற்கிறது.)

மூன்றையும் மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“அம்புட்டுப் பெரிய கடல்ல அவளுக்கு ஒரு ரூம் இல்லையா மாப்ள?”

“இருந்துச்சு அத்த. அதுவும் சூடாகிக்கிட்டு இருக்கு.”

“எனக்கு நீங்க ஒழிச்சுக் குடுத்தீகள்ல.”

அவன் பேனாவை எடுத்தான். இந்த இடத்தில் நல்ல வரி ஒன்று எழுத நினைத்தான். வரவில்லை.

7

சாயங்காலம் ரெங்கம்மாளே பசைவாளியோடு கிளம்பினார். மகனைப் போஸ்டர் போஸ்டராக நிறுத்தி, ‘மறைவு’க்கு எதிரே ‘நேற்று’ என்றிருந்த இடத்தில் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்ட வைத்தார். போஸ்டரைக் கிழிக்க விடவில்லை. “அவ இருந்துட்டுப் போறா,” என்றார்.

பஸ் ஸ்டாப் சுவரில் இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளை இடத்தில் என்ன எழுதுவது என்று கருத்தக்கண்ணனுக்குத் தெரியவில்லை. பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டான். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். அத்தை இன்னும் பையைப் பிரிக்கவில்லை.