வட்டக் கையெழுத்து

மின்சார அலுவலகத்தில் பில் அடிப்பதுதான் யோகநாதனின் வேலை. தன்னுடைய பில்லையும் தானே அடித்துத் தொலைக்க வேண்டியிருந்தது. துபாயிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்திலிருந்த அந்தச் சிறு பட்டணத்தில், ஊர்க்காரருக்கு யூனிட்டுக்கு ஒரு விலை, பிழைக்க வந்தவர்களுக்கு மூன்று மடங்கு. எண்பத்து நான்கு வைகாசியில் மூன்று ஐந்தாகியது. கம்பமும் கம்பியும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பத்மாசனிக்கு எட்டு மாதம். தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் ஏசியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் அவளுக்குத் தலை சுற்றியது. ஓடவிட்டால் அது பாதிச் சம்பளத்தைத் தின்றது. ஊருக்கு அனுப்பலாமென்றால் யாழ்ப்பாணத்தில் ஊரடங்கு. அவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு மனம் வெந்தால் பெட்டிசம் எழுதாமல் தீராது. யோகநாதனும் தன் அலுவலகத்துக்கே எழுதினான். நாங்களும் இந்த ஊரில்தான் வேர்வை சிந்துகிறோம், விலையை வைக்கும்போது எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று பணிவாகவே எழுதினான். கடைசியில் பழக்க தோஷத்தில், 'பிரதி: எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்' என்றும் போட்டுவிட்டான். அதைப் பார்த்துப் பக்கத்து அறை அம்பலவாணர் சிரித்தார். இங்கே இவர்களுக்கு வாக்கே இல்லை. அங்கே இவர்கள் வாக்குப் போட்டு அனுப்பியவர்களுக்குப் போன வருடத்தோடு பாராளுமன்றத்தில் கதிரையும் இல்லை. அந்த வரியை வெட்டினார்கள்.

அந்த வரிசை அறைகளில் இருந்த ஏழு பேரில் முதலாவதாகக் கையெழுத்து வைக்க ஒருவரும் வரவில்லை. முதல் பெயர்க்காரனுக்குத்தானே முதலில் விசா போகும். ஊரில் தொழிற்சங்கத்தில் இருந்த அம்பலவாணர்தான் வழி சொன்னார். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் கீறி, அதைச் சுற்றி ஏழு பேரும் கையெழுத்து வைத்தார்கள். யார் முதல், யார் கடைசி என்று எவனாலும் சொல்ல முடியாது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

மனுவைக் கொடுத்த மூன்றாம் நாள் மேனேஜர் முகம்மது யூசுப் அவனைக் கூப்பிட்டார். மேசையில் அந்த வட்டம் கிடந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"உனக்குத் தெரிந்த ஆட்கள்தானே? ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவனுடைய கஃபீல் யாரென்று எழுதிக்கொண்டு வா."

கஃபீல் என்றால் விசா கொடுத்த முதலாளி. அவர் காதில் விழுந்தால் மறுநாளே விமானம்தான். மேனேஜரின் விரல் வட்டத்தைச் சுற்றிப் போய் யோகநாதனின் பெயரில் நின்றது. அவனுக்கு விசா கொடுத்ததே அந்த அலுவலகம்தான். எழுதினால் ஆறு பேர் குடும்பம் தெருவில், எழுதாவிட்டால் தன் குடும்பம். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினான். நாளை மத்தியானத்துக்குள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஏழு பேரும் எழுதிக் கொடுத்தால் தான் எதையும் பார்க்கவில்லை என்றார் மேனேஜர்.

அந்தக் கடிதத்தையும் யோகநாதனே அடித்தான். வசை கேட்கத் தயாராகவே அறை வாசலில் போய் நின்றான். அம்பலவாணர் முழுதாக வாசிக்கக்கூட இல்லை.

"பேனையைத் தாரும் தம்பி. என்ர பேர் முதலிலை இருக்கட்டும்."

மற்றவர்களும் முண்டியடித்தார்கள். ராமநாதபுரத்துச் சோலைமுத்து ஒன்று, இரண்டு என்று இலக்கம் வேறு போட்டுக் கொடுத்தான். வட்டத்தின் நினைவே ஒருவருக்கும் வரவில்லை. கோடு பிடித்தாற்போல ஆறு பெயர்கள். அவர்களைத் திட்ட யோகநாதனுக்கு வாய் வரவில்லை. ஏழாவதாகத் தன் பெயரை எழுதினான்.

மறுநாள் காலையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, ஐந்து மடங்கில் அந்த மாத பில்களை அடித்து முடித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தபோது அறை குளிர்ந்திருந்தது. எப்படியும் விலை குறையும் என்ற நம்பிக்கையில் பத்மாசனி ஏசியை நிறுத்தாமலே வைத்திருந்தாள்.

"பெட்டிசத்துக்கு மறுமொழி வந்ததோ?"

"ஓம்."

"என்னவாம்?"

அவன் எட்டி ஏசியை நிறுத்தினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஒரு துவாயை நனைத்துப் பிழிந்து, வயிற்றின்மேல் விரித்துக்கொண்டு படுத்தாள்.