சோப்புப் போட்ட கேத்தில்கள்

சிஞ்ஞோரா கொஸ்தான்ஸாவின் வீட்டில் ஆறு மண் கேத்தில்கள் இருந்தன. சீனத்து மண், சீனத்துச் சூளை. விலையை மட்டும் யாரும் கேட்காமலே சிஞ்ஞோரா சொல்லுவார். ஒன்றும் ஒரு தோடம்பழத்தை விடப் பெரிதில்லை. சிவப்பு மண் இரண்டிலும் ஊலோங் தேயிலை. கபில மண் மூன்றிலும் வருடக்கணக்காய்ப் புளிக்கவைத்த பூவர் தேயிலை, வயதுக்கொன்றாக. வெளிர்மஞ்சள் ஒன்று வெள்ளைத் தேயிலைக்கு. ஒரு கேத்திலுக்கு ஒரு தேயிலைதான். மண் அதைக் குடித்துக் குடித்து ஞாபகம் வைத்திருக்குமாம். மாற்றி ஊற்றினால் கேத்திலின் மனம் கெட்டுவிடுமாம். இந்தக் கற்பொழுக்கத்தை, இரண்டு புருசன்மாரை விட்டுவந்த சிஞ்ஞோரா, கண் கலங்க விளக்குவார். காலையில் அவர் குடிப்பது கோப்பி.

பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் அகஸ்ரீனாவுக்குப் பன்னிரண்டு வருட வேலை. கேத்தில்களில் சுடுதண்ணீர் மட்டும், சோப்புப் படவே கூடாது என்பது அங்கே முதற்கட்டளை. பன்னிரண்டு வருடமும் அவள் அதை மீறவில்லை. மன்னாரில் அண்ணன் இராஜநாயகம் செத்த செய்தி வந்த அன்றுதான் மீறினாள்.

அன்று சிஞ்ஞோரா ரோமில். அகஸ்ரீனா குசினியில் நின்றபடி போனை எடுத்தாள். மறுபக்கம் அண்ணன் மனைவி.

"மச்சாள், அவர் எங்களை விட்டிட்டுப் போட்டார்."

"ஓம்" என்றாள். எத்தனை மணிக்கு, ஓம். பக்கத்தில் ஆர் நிண்டது, ஓம். போனை வைத்தாள். செத்தவீடென்றால் ஆளை எடுத்தபிறகு வீட்டைக் கழுவவேண்டும். மன்னாரில் வீட்டைக் கழுவ அவள் அங்கே இல்லை. நின்றது சிஞ்ஞோராவின் வீட்டில். ஆகவே அதைக் கழுவினாள். நிலம், யன்னல், சட்டி, கோப்பை, கடைசியில் கண்ணாடி அலுமாரியைத் திறந்து ஆறு கேத்தில்கள். எலுமிச்சை மணச் சோப்பு, பச்சைப் பஞ்சு, கை போகாத இடத்துக்குப் பழைய பல்லுத் தூரிகை. பன்னிரண்டு வருட ஞாபகம் கறுப்புத் தண்ணியாகத் தொட்டி ஓட்டைக்குள் இறங்கிப் போயிற்று. துடைத்து அடுக்கும்போது கபில மண் மூன்றில் எது எதுவென்று தெரியவில்லை. தெரியவேணும் என்றும் படவில்லை. அழுகை வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அலுமாரியைப் பூட்டினாள்.

அடக்கத்துக்குப் போகமுடியவில்லை. பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, அது கையில் இல்லாமல் போனால் திரும்பி வரலாமா என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். அது வந்தபோது முப்பத்தோராம் நாள் பூசை ஒன்றுதான் மிச்சம். அதற்கு லீவு கேட்டாள்.

"சனிக்கிழமைக்குப் பிறகு பாப்பம்" என்றார் சிஞ்ஞோரா. சனிக்கிழமை மிலானோவிலிருந்து ஒரு மாயெஸ்த்ரோ, தேயிலை ஆசான், தேத்தண்ணி குடிக்க வருகிறார்.

சனி காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது கணவர் பவுல் கேட்டார்: "அந்தாள் மணந்து பாத்துக் கண்டுபிடிச்சா?"

"பிடிக்கட்டும்."

"அப்ப லீவு?"

"அதுதான்" என்றுவிட்டுச் சப்பாத்தைப் போட்டாள். அண்ணன் செத்து அன்று இருபத்திரண்டாம் நாள்.

மாயெஸ்த்ரோ அத்தீலியோ சீனாவில் பத்தொன்பது நாள் நின்றவர். அந்தப் பத்தொன்பது நாளை இருபது வருடமாகச் சொல்லிவருகிறார். கறுப்புச் சட்டை, மரமணி மாலை, மெதுவான நடை. விருந்தாளிகள் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் இருந்தார்கள். நோட்டரியின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பல் வைத்தியருக்கு மடங்கிய கால் விறைத்து, முகத்தில் ஒரு ஞானக்களை வந்திருந்தது.

மாயெஸ்த்ரோ ஒரு கபிலக் கேத்திலை எடுத்தார். மூடியைத் திறந்து மூக்கை வைத்தார். கண்ணை மூடினார். சுடுதண்ணியோடு பக்கத்தில் நின்ற அகஸ்ரீனா அவருடைய மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னாருக்குப் போகிற வழி இப்போது அதற்குள்ளால்தான் போகிறது.

"எலுமிச்சை" என்றார் மாயெஸ்த்ரோ.

அகஸ்ரீனா சுடுதண்ணியை நிலத்தில் வைத்தாள்.

"எலுமிச்சைப் பூ. மலைச்சரிவு. விடியற்காலை மூடுபனி. கொஸ்தான்ஸா, இது வெறும் கேத்தில் அல்ல. தன் கடந்தகாலத்தை மன்னித்துவிட்ட கேத்தில்."

தேத்தண்ணி வார்க்கப்பட்டது.

"மன்னிப்புக்குப் பின்னாலை கொஞ்சம் மரவாசமும் வருகுது" என்றார் நோட்டரி.

"எனக்குச் சியாகுல்லி மந்தரின் தோடம்பழம் மணக்குது!" என்றார் பல் வைத்தியரின் மனைவி.

"நாக்கிலை கொஞ்சம் நுரைக்கிற மாதிரி…" என்று பல் வைத்தியர் தொடங்கினார். வாயைப் பற்றி அங்கே உண்மையாகவே ஏதும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"நுரை அல்ல, நண்பரே. உயிர்" என்றார் மாயெஸ்த்ரோ.

பல் வைத்தியர் உயிரை விழுங்கினார். சிஞ்ஞோரா கண்ணைத் துடைத்தார்.

தப்பியாயிற்று. அகஸ்ரீனாவுக்கு அதில் சந்தோசம் என்று ஒன்றும் வரவில்லை. வெறுங்கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். சிஞ்ஞோரா பின்னாலேயே ஓடிவந்தார்.

"தீனா! அடுத்த சனியும் வாறாராம்! தொரினோவிலையிருந்து நாலு பேரையும் கூட்டிக்கொண்டு!"

"எனக்கு லீவு வேணும் சிஞ்ஞோரா. அண்ணையின்ரை முப்பத்தோராம் நாள். வியாழனுக்குள்ளை வெளிக்கிட வேணும்."

"எந்தக் கேத்திலுக்கு எந்தத் தேயிலை எண்டு உன்னை விட்டா ஆருக்குத் தெரியும்? கொஞ்சம் யோசி தீனா. செத்தவர் காத்திருப்பார். மாயெஸ்த்ரோ காத்திருப்பாரே?"

பால் முடிந்துபோயிற்று என்று சொல்வதுபோல அகஸ்ரீனா சொன்னாள்: "எனக்கும் தெரியாது சிஞ்ஞோரா. ஆறையும் சோப்புப் போட்டுக் கழுவிப்போட்டன். அண்ணை செத்தண்டைக்கு."

சிஞ்ஞோராவின் பார்வை தொட்டிப் பக்கம் போனது. சோப்புப் போத்தலில் ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு இலையோடு, படமாகத் தொங்கியது. விறாந்தைப் பக்கத்திலிருந்து மாயெஸ்த்ரோவின் குரல் மூடுபனியை இன்னும் விளக்கிக்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா குசினிக் கதவைச் சாத்தினார்.

"ஆருக்கும் சொன்னனியே?"

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"அவர் கேட்டா?"

"கேட்டாச் சொல்லுவன்."

அதில் மிரட்டல் இல்லை. பொய் சொல்லுவதற்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் சிஞ்ஞோரா பெரிய குடும்பத்துப் பிள்ளை. மிரட்டல் என்றால்தான் அவருக்குச் சட்டென்று விளங்கும்.

"எத்தினை நாள் வேணும்?"

"பத்து."

"மூண்டு கிழமை எடு. வியாழன் ஏன்? செவ்வாயே வெளிக்கிடு." அகஸ்ரீனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். "குடும்பம்தான் முதல், தீனா. நான் எப்பவும் அதைத்தானே சொல்லுறனான்."

உடனேயே லீவுக் கடிதத்தில் கையெழுத்தும் வைத்தார். கேத்தில்களை அலுமாரிக்குள் தானே அடுக்கினார், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக.

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் ஊர்க்காரி துஷாந்தி வந்து அகஸ்ரீனாவைக் கட்டிப்பிடித்தாள்.

"கேள்விப்பட்டு நெஞ்சு வெடிச்சுப்போச்சு அக்கா. பிளேனிலை எத்தினை கிலோ?"

"முப்பது."

"உங்களுக்கு அங்கை ரெண்டு கறுப்புச் சட்டை காணும்தானே. அம்மாவுக்கு ஒலிவெண்ணெய் நாலு போத்தல் தாறன்."

அவளுக்குப் பின்னால் நின்ற கொட்வின் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினான். "அக்கா, தங்கச்சியின்ரை பெடிக்கு ஒரு சப்பாத்து. பெட்டி வேண்டாம். சப்பாத்து மட்டும்."

"செத்தவீட்டுக் காரியத்துக்கு எல்லோ தம்பி போறன்."

"ஓம் அக்கா, அதுதான் கேக்கிறன். கலியாணத்துக்குப் போற ஆக்களின்ரை பாக்கிலை ஏது இடம்?"

அதில் பிழை கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை. "தாங்கோ" என்று கையை நீட்டினாள். அவனுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள்.

திங்கள் பின்னேரம், கபோ சந்தைக்குள் இருந்த அவர்களுடைய இரண்டு அறை வீட்டில், பவுல் பெட்டியைத் தராசில் தூக்கி வைத்தார்.

"நாலு கிலோ கூட. ஆற்றையை எடுக்கிறது?"

எல்லாம் பெயர் எழுதி ஒட்டிய பொதிகள். பெயர் ஒட்டாமல் இருந்தது அவளுடைய உடுப்பு மட்டும்தான். அதை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பவுல் திரும்பவும் தராசைப் பார்த்தார்.

"இப்ப சரி" என்றார்.

"ஓம்" என்றாள் அகஸ்ரீனா.