இன்கேவ் ஊற்றிய ஆயில்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் அந்தக் கோடி வரைக்கும் எட்டாது. மலைமேட்டில் மூச்சு வாங்கிய ஒரு காரின் கதை சொல்கிறேன். இந்தக் கதையில் யாரும் சாக மாட்டார்கள், முதலிலேயே சொல்லிவிட்டேன். பயமில்லாமல் கேளுங்கள்.

போங் என்ற ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமத்தில் ரஞ்சுவான் என்று ஒருத்தி. வயது நாற்பத்தாறு. கணவன் தைவானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. இவளிடம் ஏழு பேர் உட்காரும் டீசல் கார் ஒன்று இருந்தது. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடியற்காலையில் சிறுநீரகம் கெட்டுப்போன மூன்று பேரை அதில் ஏற்றிக்கொண்டு, பயாவ் ஊர் ஆஸ்பத்திரிக்கு மலை ஏறி இறங்குவாள். அங்கே அவர்களுக்கு இரத்தம் சுத்தம் செய்வார்கள். ஒரு முறை தவறினால் போதும், கால் வீங்கிவிடும், படுத்தால் மூச்சு முட்டும்.

அந்தக் காருக்கு ஆயில் மாற்றுவது அவளுடைய மாமனார் இன்கேவ். முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டியவர். முழங்கால் போன பிறகு வீட்டோடு முடங்கினார். அவருக்கென்று மிஞ்சியிருந்த வேலை இது ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த நாள் வரும். அன்று காலையிலிருந்தே விசிலடித்துக்கொண்டு திரிவார்.

லாரிக்காரர்கள் வாங்கும் கடைக்குப் போவார். மருமகளுடையது புதுக்கால வண்டி, சாதா ஆயில் ஆகாது என்று அவருக்குத் தெரியும். அதனால் இருப்பதிலேயே விலை கூடின டப்பாவாக எடுப்பார். முன்பக்கம் தங்க எழுத்தில் ‘முழு சிந்தெட்டிக்’ என்றிருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்து மருமகளிடம் காட்டுவார்.

“பாத்தியா, எப்படி ஒட்டுது! இதாம்மா ஆயில். மெக்கானிக் பயலுக ஊத்துறது மீன் சாறு மாதிரி ஓடும்.”

இரண்டு வருடத்தில் நாலு தடவை ஊற்றியாயிற்று. ஒரு நாள் காரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. ரஞ்சுவான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பட்டறையில் காட்டினாள். மெக்கானிக் விச்சித் குனிந்து பார்த்து, வண்டிக்குள் கிடந்த மிச்ச ஆயில் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு நிமிர்ந்தான்.

“அக்கா, யாருக்கா இந்த ஆயில ஊத்துனது?”

“ஏன், நல்ல ஆயில்தான? சிந்தெட்டிக்குன்னு போட்டிருந்துச்சே.”

“சிந்தெட்டிக்தான். லாரிக்கான சிந்தெட்டிக். உங்க வண்டி புகைக்குழாய்ல ஒரு வடிகட்டி இருக்கு. கரி சேந்தா வண்டியே அதச் சூடாக்கி எரிச்சிரும். ஆயில் விடுற சாம்பல் அப்படி எரியாது. சாம்பல எரிச்சா என்னக்கா வரும்? சாம்பல்தான் வரும். லாரி ஆயில்ல சாம்பல் ஜாஸ்தி. உங்களுக்கு டப்பா பின்னாடி ‘சி3’ன்னு போட்டிருக்கணும், உங்க வண்டிப் புத்தகத்துலயே இருக்கு. வண்டிய ஒரு நாள் விடுங்க, கழட்டிச் சுத்தம் பண்ணி மாத்தித் தரேன். இல்லன்னா ஒரு நாள் மேட்டுல நின்னுரும்.”

“அடுத்த வாரம் கொண்டாரேன்” என்றாள் ரஞ்சுவான்.

அடுத்த வாரமும் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. வண்டியை விட்டால் ஏன் என்று அவர் கேட்பாரே! எங்கள் பக்கத்தில் பெரியவர் ஆசையாகச் செய்ததை முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்ல நாக்கு எழாது. சொல்லுகிறவருக்கே உடம்பெல்லாம் கூசும். மாமனார் ஒட்டரிசிச் சோற்றை உருட்டி மிளகாய்ச் சம்பலில் தோய்க்கும்போது சொல்லலாம் என்று வாயெடுப்பாள். “அப்பா...” என்பாள். “என்னம்மா?” என்பார். “இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கட்டுமா?” என்று முடித்துவிடுவாள். வண்டியோ நாளுக்கு நாள் மேடு ஏறத் திணறியது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை இன்கேவும் முழங்காலைக் காட்ட முன்சீட்டில் ஏறிக்கொண்டார். பின்னால் மூன்று நோயாளிகள். அவர்களில் ஒருத்தி புவாபன் டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்டும் அதட்டலை விடாதவள்.

பெரிய மேட்டில் பாதி ஏறியதும் இன்னொரு விளக்கும் எரிந்தது. கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்தது. பின்னால் வந்த முட்டைக்கோஸ் வண்டி ஒலியெழுப்பிக்கொண்டே தாண்டிப் போயிற்று.

“ரஞ்சுவான், எறங்கித் தள்ளணும்னா சொல்லு. எங்க மூணு பேருக்கும் சேத்து ஒரு நல்ல கிட்னி கெடையாது, ஆனா ஆறு கை இருக்கு” என்றாள் டீச்சர்.

ரஞ்சுவானுக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஓரமா நிறுத்தும்மா. இன்ஜின அணைக்காத” என்றார் இன்கேவ். காலை இழுத்து இழுத்து வண்டிக்குப் பின்னால் போனார். புகைக்குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி உள்ளங்கையைக் காட்டினார். மறுபடியும் காட்டினார். திரும்பி வந்து சன்னலில் சாய்ந்தார்.

“மூச்சே வரல. உள்ள எங்கயோ அடைச்சிருக்கு. எதால அடைச்சிது?”

டீசல் சரியில்லை என்று சொல்லிவிடலாம், பழைய வண்டிதானே என்றும் சொல்லலாம். இரண்டும் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. கண்ணாடியில் பின்சீட்டு தெரிந்தது. டீச்சரின் வீங்கிய விரல்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தன.

“ஆயில்ப்பா” என்றாள். “லாரி ஆயிலோட சாம்பல் வடிகட்டிய அடைச்சிருச்சாம்.”

இன்கேவ் சன்னலிலிருந்து கையை எடுத்தார். பிறகு கேட்டார்: “எத்தன நாளா தெரியும் ஒனக்கு?”

“மூணு வாரமா.”

“மூணு வாரமா! கெழவன் மூஞ்சி சுருங்கக் கூடாதுன்னு இந்த மூணு உசுர ஏத்திக்கிட்டு இந்த மேட்ட ஏறுனியா?”

அவள் தலை கவிழ்ந்தது. அவர் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். ஊர்ந்து ஊர்ந்து நாற்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று நர்ஸ்கள் நல்ல மனசோடு மூன்று பேரையும் படுக்கைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

முழங்காலைக் காட்ட அவர் உள்ளே போகவில்லை. ரஞ்சுவானிடம் வழி கேட்டு, நேராக விச்சித்தின் பட்டறைக்கு நொண்டிக்கொண்டே நடந்தார். “வண்டிய இங்கயே விடுறோம். சனிக்கெழம காலைல ஓடணும்” என்றார். எல்லாரும் கறிகாய் வண்டி ஒன்றில் வீடு திரும்பினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமனாரும் மருமகளும் பட்டறைக்கு வந்தபோது வடிகட்டி சுத்தமாகித் திரும்ப மாட்டியிருந்தது. விச்சித் கொட்டின சாம்பலை ஒரு தகரத்தில் வைத்துக் காட்டினான். வெளிர்நிறமாக, மாவு மாதிரி இருந்தது. இன்கேவ் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு புது ஆயிலில் ஒரு சொட்டு விரலில் தேய்த்தார். முகம் கோணியது.

“ஏண்டா, இது ஆயிலா தண்ணியா?”

“விரலுக்கு அது தெரியாது மாமா. எனக்கும்தான் தெரியாது. பின்னாடி படிச்சுப் பாத்துதான் ஊத்துறேன்.”

கிழவர் டப்பாவைத் திருப்பினார். வண்டிப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, இந்த எழுத்தில் ஒரு விரல், அந்த எழுத்தில் ஒரு விரல் வைத்து, மூன்று தடவை ஒத்துப் பார்த்தார்.

“சரி. இதுதான். வீட்டுல வாங்கி வச்ச டப்பாவ என்ன பண்றது?”

“ஒரு லாரிக்காரருக்குக் குடுங்க, கும்பிடு போட்டு வாங்குவாரு. ஆயில் மேல தப்பில்ல மாமா.”

“நானே ஊத்துறேன், தள்ளு” என்றார் இன்கேவ்.

ஊற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு தாயார் குடியிருக்கிறாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவளுக்கு ஒரு மல்லிகைச் சரத்தை உள்கண்ணாடியில் மாட்டிவிட்டு, வண்டி முன்னால் வந்து கைகூப்பி, வாய்விட்டே பேசினார்.

“தாயே, நாலு தடவ ஒனக்கு ஒத்துக்காத சாப்பாட்ட ஊட்டிட்டேன். வெல கூடுனா நல்லதுன்னு நெனச்சேன். மன்னிச்சிரு. ஒன்ன ஓட்டுறவளும் மன்னிக்கட்டும். ஆனா அவகிட்ட ஒண்ணு சொல்லி வை தாயே, இனிமே எதையும் எங்கிட்ட மறைக்கக் கூடாதுன்னு.”

வண்டிக்கு மறுபக்கம் நின்ற ரஞ்சுவானும் கைகூப்பினாள். “தாயே, இனிமே மறைக்க மாட்டேன்னு அப்பாகிட்ட சொல்லுங்க. அடுத்த தடவையும் அவரேதான் மாத்தணும், டப்பா வாங்க நானும் கூட வரேன்னு சொல்லுங்க.”

விச்சித் சுத்தமான கையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்கேவ் ஆயிலை நூலாக ஊற்றினார். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை.

சனிக்கிழமை கார் பெரிய மேட்டில் முட்டைக்கோஸ் வண்டி இரண்டைத் தாண்டி ஏறியது. “மெதுவாப் போம்மா, சீக்கிரம் போனா சீக்கிரம் ஊசி குத்துவாங்க” என்று டீச்சர் முனகினாள். அன்று படுக்கை விரிப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் மூத்தவரும் இளையவரும் மனம் கூசாமல் பேசிக்கொள்ளட்டும், கண்ணுகளா. வெளியே போனவர் எல்லாரும் அந்தி சாய்வதற்குள் நல்லபடி வீடு திரும்பட்டும். உங்கள் உலையில் அரிசி குறையாமல் இருக்கட்டும்.