மழை நாளில் அளந்த காகிதம்

காகிதத்தில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சிப் பார்க்கும் எந்திரம் சொல்லிவிட்டது: கந்தல் துணிக் கூழில் செய்த காகிதம், தொண்ணூற்று நான்கு சதவீதம் உறுதி. சொன்ன பிறகும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கீழ்த்தளத்தில் என் நாத்தனார் தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களைக் கழுவிச் செப்பனிடுவது அவள் வேலை. எது கழுவத் தாங்கும் என்று சொல்வது என் வேலை. பதினொரு மணிக்கு ஒரு மருத்துவச்சியின் பிரசவப் பதிவேடு தண்ணீரில் இறங்க வேண்டும். நூற்று முப்பது வருடங்களுக்கு முன்பு அவள் கையில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைத் தவிர வேறு சாட்சி கிடையாது. கந்தல் காகிதம் என்றால் குளித்துவிட்டு எழுந்து வரும். நைந்த மரக்கூழ்க் காகிதம் மறுபடியும் கூழாகிவிடும்.

முன்பெல்லாம் நாத்தனார் தாளின் ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்து, தாங்குகிறதா என்று பார்ப்பாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவள் தாளை விடமாட்டாள். அதை நிறுத்தியது நான்தான். “துளி வச்சா கறை படியுது. அகச்சிவப்பு ஒளியால காகிதத்துக்கு ஒண்ணும் ஆகாது. இனிமே அந்தப் பழக்கம் வேண்டாம்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு அன்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். வெளியே மூன்று நாளாக மழை. எந்திரம் வரைந்த கோட்டில், ஈரத்தைக் காட்டும் இடத்தில் பெரிய பள்ளம். எது கந்தல், எது மரக்கூழ் என்று எந்திரத்தைப் பழக்குவதற்காக நான் அளந்திருந்த மாதிரிகளின் தேதிகளைப் புரட்டினேன். கந்தல் காகிதம் அத்தனையும் மழை மாதத்தில் அளந்தது. மரக்கூழ் அத்தனையும் கோடையில். ஒரு பெட்டி முடிந்த பிறகுதான் அடுத்த பெட்டி. என் ஒழுங்கில் இடி விழ.

பையில் நேற்றைய செய்தித்தாள் இருந்தது. சந்தேகமே இல்லாத மரக்கூழ். அதை எந்திரத்தின் அடியில் வைத்தேன்.

கந்தல், தொண்ணூற்றொன்று.

இத்தனை மாதமாக அது காகிதத்தைப் படிக்கவே இல்லை, மழையைத்தான் படித்திருக்கிறது. மணி பதினொன்று ஐந்து. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

நாத்தனார் தொட்டிக்குப் பக்கத்தில், பதிவேட்டின் கடைசித் தாளைக் கையால் மூடியபடி நின்றிருந்தாள்.

“தண்ணியில போட்டுட்டியா?”

“இல்ல அண்ணி.”

“போடாத. நான் சொன்னது தப்பு. அது மரக்கூழா இருக்கலாம்.”

அவள் கையை எடுக்கவில்லை. “திட்டாதீங்க. எழுத்து இல்லாத மூலையில ஒரு துளி வச்சுட்டேன். வச்சதும் உள்ள இழுத்துக்கிச்சு, நாரெல்லாம் எழும்பிடுச்சு. மேல வந்து சொல்லணும்னு அரை மணி நேரமா நிக்கிறேன். நீங்க என்ன சொல்வீங்களோன்னு பயம்.”

கையை விலக்கினாள். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறை. எனக்குப் பயந்து இவள் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“சேதம்னு ரிப்போர்ட்ல எழுதணுமா அண்ணி?”

“எழுது. காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல என் பேரைப் போடு.”

அவள் பேனாவைத் திறந்தாள். “முழுப் பேரா போடவா?”