கேமரா மேசையில் எதைப் போடுவது

கழுவும் தொட்டியிலிருந்து எடுத்த வால்வு பிளேட்டுகளை டிரேயில் அடுக்கி, அருள்செல்வி கேமரா மேசைக்குத் தூக்கி வந்தாள். போன மாதம் வரை அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். இப்போது லிபியா உட்கார்ந்திருந்தாள்.

“சீட்டு நல்லா இருக்குதா மகாராணி?”

“சும்மா இருங்கக்கா. எனக்கே ஒரு மாதிரியா இருக்குது.”

கேமரா ஒவ்வொரு பிளேட்டையும் படம் பிடிக்கும். பைத்தானில் எழுதிய புரோகிராம் அதைப் பார்த்துக் கீறல் விழுந்ததை ஒதுக்கும். அந்தப் புரோகிராம் ஓட வேண்டிய துணை நிரல்களை, அதாவது பேக்கேஜ்களை, கணினியில் சேர்க்கப் பல கருவிகள் உண்டு. இன்ஜினியர் ஹரீஷ்குமார் பாதியைக் காண்டாவில் போட்டு, மீதியை அதன் மேலேயே பிப்பில் போட்டார். இரண்டும் முட்டிக்கொண்டன. கீறல் விழுந்த பிளேட்டுகள் நல்லவை என்று வெளியே போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. ஆபரேட்டர் தப்பான பட்டனை அழுத்திவிட்டதாக அவர் மீட்டிங்கில் சொன்னார். எல்லார் முன்னாலும் அருள்செல்வி நின்று மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் அவளைத் தொட்டிக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆளும் ஒரு நாள் அப்படி நிற்க வேண்டும் என்று லிபியா அன்றைக்கே நினைத்தாள். அந்த நினைப்பு போகவேயில்லை.

பிளேட் வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருவதாகத் தெரிந்ததும் புதுக் கணினி வந்தது.

“லிபியா, நீ ஈவினிங் கிளாஸ்ல பைத்தான் படிக்கிறல்ல? இந்த வாட்டி எதுல போடலாம்?” என்றார் ஹரீஷ்குமார்.

காண்டா கனம். புதுசாக வந்த யூவி வேகம். பிப் பழசு, ஆனால் பேக்கேஜ்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து வைத்துவிட்டால் நெட்டே வேண்டாம். தனக்குத் தெரிந்தது சரிதானா என்ற சந்தேகத்தில், வகுப்புக் கணினியின் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அவள் இதைச் செய்து பார்த்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள்.

“பிப்புன்னு மட்டும் சொல்லாத. யூவியே போடு, பெங்களூர்ல இப்ப அதான். ஒவ்வொரு வாட்டி ஸ்டார்ட் பண்றப்பவும் லேட்டஸ்ட் வெர்ஷன் இருக்கான்னு அதுவே பாத்து எடுத்துக்கணும். நெட்டுக்கு என் போன் ஹாட்ஸ்பாட் இருக்குது.”

ஆடிட் நாளில் எல்லார் போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவருக்கும் அது தெரியும். ஆனால் இதையும் அதையும் அவர் சேர்த்து யோசிக்கவில்லை.

“சரிங்க சார்,” என்றாள் லிபியா. அவர் சொன்னதை அப்படியே செய்து முடித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அருள்செல்வியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள்.

“நெசமாவா புள்ள? எல்லாரும் பாக்க முழிப்பானா?”

“முழிப்பாருக்கா.”

“அன்னைக்கு லீவு கேட்டிருந்தேன். போவுது, வந்துடறேன். இதைப் பாக்காம வூட்ல என்ன வேலை?”

ஆடிட் அன்று கணினியைப் போட்டதும் திரையில் சிவப்பு எழுத்துகள் இறங்கின. நெட் இல்லை. ஹரீஷ்குமார் நிறுத்திவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் சிவப்பு. அவர் கை சட்டைப்பையைத் தடவியது. பை காலியாக இருந்தது.

“ரன் ஆகலையா?” என்றார் வந்தவர்களில் மூத்தவர். மேனேஜர் கிருஷ்ணப்பன் ஹரீஷ்குமாரை முறைத்தார். ஹரீஷ்குமாரின் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்தது. தொட்டியருகே அருள்செல்வி முழங்கையால் வாயை மூடிக்கொண்டாள். லிபியா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

ஹரீஷ்குமார் தொண்டையைச் செருமினார்.

“கேமரா நின்னா என்ன பண்ணுவோம்னு காட்டறேன் சார். மேனுவல் பேக்கப் எப்பவும் ரெடி.” தொட்டிப் பக்கம் திரும்பிக் கைதட்டினார். “எல்லாரும் இங்க வாங்க. லிபியா, எந்திரி. சேரை ஓரமா போடு.”

பெண்கள் டியூப்லைட்டுக்குக் கீழே இருந்த நீள மேசையைச் சுற்றி நின்றார்கள்.

“இன்னிக்கு லோடு பூரா கையாலயே பாத்துடுவாங்க சார். முடிக்காம போகமாட்டாங்க.”

“வெரி குட். மிஷினை மட்டும் நம்பலை நீங்க. ரிப்போர்ட்ல எழுதறேன்,” என்றார் மூத்தவர்.

“என்னாடி இது?” என்றாள் அருள்செல்வி, உதடு அசையாமல்.

லிபியா முதல் பெட்டியைப் பிரித்தாள்.

ஷிப்ட் முடியும் சைரன் அடித்தது. அவர்கள் வழக்கமாக ஏறும் பாகலூர் கம்பெனி பஸ் பாதி சீட் காலியாகக் கிளம்பிப் போனது. லோடில் பாதிப் பெட்டிகள் இன்னும் பிரிக்கப்படவில்லை. பெண்கள் ஒவ்வொரு பிளேட்டாகத் தூக்கி, வெளிச்சத்தில் சாய்த்து, திருப்பிப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி அறைக்குள் கிருஷ்ணப்பன் ஹரீஷ்குமாரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு, முந்திரித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.